மாதா பாதை

ஆழமில்லாத எங்கள் பரவைக்கடலுக்குள் ஒரு பாதை இருக்கிறது. கரையில் நின்று பார்க்கிறவருக்கு அது தெரியாது. தண்ணீர் எங்கும் ஒரே நிறமாகத்தான் கிடக்கும். மரக்கோல் ஊன்றி வள்ளம் தள்ளுகிறவருக்குத்தான், முழங்காலளவு தண்ணீருக்கு நடுவில் நிலம் சட்டென்று இறங்குவது கையில் தெரியும். கடல் வற்றுகிற நேரத்திலும் தரை தட்டாமல் ஆழத்துக்குப் போய்வர அந்த ஒரு வழிதான் உண்டு. பெருநாளன்று மாதா சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றிக் கடலைச் சுற்றி வருவதும் அந்த வழியால்தான். ஆகவே அதற்கு மாதா பாதை என்று பெயர். அதற்குள் யாரும் கம்பு நட்டு வலை கட்டுவதில்லை. ஊரில் எதற்கெல்லாமோ எங்களுக்குள் அடிபட்டிருக்கிறோம், அந்தப் பாதைக்காக ஒருநாளும் அடிபட்டதில்லை.

அந்தப் பெயரால்தான் பாதை போனது. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஊரில் பலருக்கு என்மேல் கோபம் வருகிறது. வரட்டும்.

நடந்தது இதுதான். அட்டைப் பண்ணைக்கு இடம் பார்க்கக் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் ஐயா வந்தார். கடலட்டைக்கு வெளிநாட்டில் நல்ல விலை. கடலைக் கம்பும் வலையும் போட்டு வளைத்து, உள்ளே அட்டையை வளர்த்து விற்பதுதான் பண்ணை. வந்தவர் வலு மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, கையை நீட்டி, "உந்தப் பக்கம் ஆர் பாவிக்கிறது?" என்று கேட்டார். கரையில் நின்றவர்களுக்குள் மூத்தவர் என் கணவர். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை, கந்தோர்க்காரர் ஒருவர் தன்னிடம் கேட்கிறாரே என்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஐயா, உது எங்கடை பாதையில்லை. மாதாவின்ரை பாதை."

"மாதா வருசத்திலை எத்தினை தரம் போறவ?"

"ஒருக்கால் ஐயா. பெருநாளுக்கு."

ஐயா தலையாட்டிவிட்டுப் போனார். என் கணவர் சொன்னதன் பொருள், அது எங்கள் யாருக்கும் சொந்தமான இடமல்ல, கைவைக்கக் கூடாத இடம் என்பது. கேட்டவருக்கு விளங்கியது வேறு. கொஞ்ச நாளில் பாதைக்குக் குறுக்கே கம்புகள் வரிசையாக இறங்கின. மீனவர் சங்கத்து ஆட்கள் கந்தோருக்கு ஓடினார்கள். அங்கே, "நீங்கள்தானே உங்கடை பாதையில்லை எண்டு சொன்னனீங்கள். வருசத்திலை ஒருநாள்தானே போறது" என்று கேட்டார்கள்.  மாதாவின் பாதை எங்கள் பாதையும்தான் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு வராது. அப்படிச் சொல்லிப் பழகவில்லை.

பண்ணைக்காரர் வேற்றாள் அல்ல. எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்தான். சண்டைக் காலத்தில் பிரான்சுக்குப் போய், அங்கே கடை கண்ணி வைத்து, தலை நரைத்தபிறகு திரும்பி வந்தார். வந்த கையோடு கோயிலுக்கு மணிக்கோபுரம் கட்டிக் கொடுத்தார். செத்த வீடென்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். யாரோடும் உரத்துக் கதைக்கமாட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவன் என்றால் தூற்றிவிட்டாவது ஆறியிருக்கலாம். கோபுரம் கட்டித் தந்தவரைப் பார்த்து, கடலை ஏன் வளைத்தாய் என்று எப்படிக் கேட்பது? ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் அவருடைய கோபுரத்திலிருந்துதானே எங்களுக்கு மணி அடிக்கிறது.

என் கணவர் கம்பு நட்டுக் கட்டியிருக்கும் சிறகுவலை நிற்கும் இடம் பண்ணை வேலிக்கு அப்பால். முன்பெல்லாம் விடியப் புறப்பட்டால் மரக்கோலை ஊன்றியே போய், நண்டையும் இறாலையும் அள்ளிக்கொண்டு வெயில் ஏறுமுன் வந்துவிடுவார். வேலி வந்தபிறகு, கடலுக்குள் நீண்டு கிடக்கும் முனையைச் சுற்றி எஞ்சினில் போகவேண்டும். பிடிபடுகிறதில் பாதியை மண்ணெண்ணெய் குடித்துவிடும். காற்றுக் காலத்தில் முனையைச் சுற்றவே முடியாது. அந்தப் பாதை இல்லையென்றால் அவருக்குத் தொழில் இல்லை. இதில் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்குள் என் மகனுக்கு அந்தப் பண்ணையிலேயே வேலை கிடைத்தது. வெளிநாடு போகிறேன் என்று புறப்பட்டு, பாதி வழியில் பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவன். வந்தபின் யாருடைய முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, காவலுக்கு ஆள் வேணும், வாறியோ?" என்று கேட்டவர் பண்ணைக்காரர்தான். தண்ணீருக்குள் தடி நட்டுக் கட்டிய குடிலில் இருந்து வேலிக்குக் காவல் காக்கவேண்டும். வேலைக்குப் போன முதல் கிழமையே பிள்ளைக்கு முகம் தெளிந்துவிட்டது. முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு கிரைண்டர் வாங்கி வந்தான். அந்தக் கிரைண்டரில் அரைத்த சம்பலை என் கணவர் தொடமாட்டார். அவர் கொண்டுவந்த நண்டை மகன் தின்னமாட்டான். நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் இரண்டு கறி வைத்தேன்.

பெருநாள் வந்தது. அந்த வருடச் செலவு முழுவதையும் பண்ணைக்காரர் ஏற்றார். மின்சாரச் சோடனை, குருநகரிலிருந்து பாண்ட் வாத்தியம், எல்லாம் அவர். ஞாயிறு பூசை முடிய சுவாமியார் அறிவித்தல் வாசித்தார். இளம் சுவாமியார், தோட்டக்கார ஊர்ப் பிள்ளை, கடல் தெரியாதவர். "இந்த வருடம் பாதுகாப்புக் கருதி, அன்னையின் பவனி புதிய பாதையால் முனையைச் சுற்றி நடைபெறும்" என்றார்.  கோயிலுக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வருடத்தில் அந்த ஒருநாளும் இல்லாமல் போனால், நாளைக்குக் கந்தோரில் போய் அது மாதாவின் பாதை என்றுகூடச் சொல்ல முடியாது.

மாதாவை ஏற்றும் வள்ளம் எதுவென்று பீடத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டு எடுப்பது எங்கள் வழக்கம். பண்ணைக்காரர் புதுப் படகொன்று தருகிறேன் என்றார். அதற்குமட்டும் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, சீட்டுத்தான் என்றார்கள். சுவாமியார் பானைக்குள் கையை விட்டு எடுத்து வாசித்தார். என் கணவரின் வள்ளம். 

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எந்தப் பாதையாலை போகப் போறியள்?"

"மாதா எந்தப் பாதையாலை போறாவோ, அந்தப் பாதையாலை."

எனக்கு வந்ததே கோபம். "உந்தக் கதையாலைதான் பாதை போனது. பிறகும் உதையே கதையுங்கோ. சுக்கானைப் பிடிக்கிறது மாதாவோ, நீங்களோ?"

அவர் வள்ளத்துக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டார். மகன் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்து என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னான். "அம்மா, பெருநாளண்டைக்கு எனக்குத்தான் காவல். அப்பாவைச் சுத்திப் போகச் சொல்லுங்கோ. நான் அவரை மறிக்கிற மாதிரி வைக்காதையுங்கோ." அவன் கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பெருநாளன்று பின்னேரம் நல்ல வெயில், காற்றில்லை. வள்ளத்தின் நடுவில் பூச்சோடனைக்குள் மாதா. முன்னால் கொடியைப் பிடித்தபடி பண்ணைக்காரர், பக்கத்தில் சுவாமியார். சொரூபத்துக்குப் பின்னால் மைக்கோடு நான். எனக்குத் தொண்டை பெரிது, மன்றாட்டுமாலை சொல்ல எப்போதும் என்னைத்தான் விடுவார்கள். என்னோடு சேர்ந்து பாட அடுத்த வீட்டுக்காரி. அவளும் நானும் சின்ன வயதில் ஒரே நாளில் புதுநன்மை எடுத்தவர்கள், அவளுடைய புருசனும் சிறகுவலைக்காரர். கடைசியில் எஞ்சினைப் பிடித்தபடி என் கணவர். பின்னால் ஊர் வள்ளங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. கரை நிறையச் சனம்.

நான் மன்றாட்டைச் சொல்லச் சொல்ல, வள்ளங்களிலிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் வந்துகொண்டிருந்தது. முனைக்குத் திரும்பும் இடம் நெருங்கியது. நான் வாயால் மாதாவைக் கூப்பிட்டேன், காதை எஞ்சின் பக்கம் வைத்திருந்தேன். எஞ்சின் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் எஞ்சினைத் தூக்கிவிட்டு மரக்கோலைக் கையில் எடுத்திருந்தார். ஒரே ஊன்றல், வள்ளம் பழைய பாதைக்குள் இறங்கிவிட்டது.

"அண்ணை, எங்கை போறியள்?" என்றார் பண்ணைக்காரர்.

என் கணவர் மரக்கோலை மறுபடி ஊன்றினார். சுவாமியார் எழும்பப் பார்த்தார், வள்ளம் ஆடியது, பயந்து இருந்துவிட்டார். "அண்ணை, தயவுசெய்து திருப்புங்கோ" என்று இருந்தபடியே கெஞ்சினார். பின்னால் வந்த வள்ளங்கள் முனைப் பக்கமும் போகாமல் எங்களோடும் வராமல் தயங்கி நின்றன. எனக்கு மன்றாட்டு மறந்துவிட்டது. சொன்னதையே திரும்பச் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், "நிப்பாட்டச் சொல்லடி, ஏதும் நடக்கப் போகுது."

வேலி தெரிந்தது. வேலிக்குப் பக்கத்தில் காவல் குடில். குடிலின் பலகையில் என் மகன் எழுந்து நின்றான். மாதாவைப் பார்த்து முழங்காலில் இருப்பதா, வள்ளத்தை மறிப்பதா என்று தெரியாமல் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றான். அப்படி ஒரு நிலையில் என் பிள்ளையை யாரும் நிறுத்தியிருக்கக் கூடாது. பண்ணைக்காரர்மேலும் கோபம் வந்தது, என் கணவர்மேலும் வந்தது, அந்த நேரம் உண்மையைச் சொன்னால் மாதாமேலும் வந்தது.

வேலிக்கு முன்னால் வள்ளம் நின்றது.  பண்ணைக்காரர் வேலியைப் பார்த்தார், பின்னால் நிற்கிற வள்ளங்களைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"மாதா வாறா எண்டால் ஆர் மறிக்கிறது? தம்பி, வலையை இறக்கிவிடு! மாதாவுக்கு என்ரை பண்ணை எண்டைக்கும் திறந்திருக்கும்."

அவர் சொன்னது மைக்கில் கேட்டிருக்கவேண்டும். வள்ளங்களில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சுவாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். மகன் தாவிக் குதித்து, நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கயிற்றை அவிழ்த்து வலையை இறக்கினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பெரிய மனிதர் பெரிய மனிதர்தான் என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் புத்தியில் ஏறியது. ஒருவரிடமும் கேட்காமல் போய்வந்த பாதைக்கு இப்போது ஒருவர் உத்தரவு தருகிறார். கும்பிட்டுக்கொண்டு உள்ளே போனால் உத்தரவை வாங்கிக்கொண்டதாகிவிடும். அடுத்த வருடம் அந்த இடத்தில் அலங்கார வளைவு கட்டி, விளக்குப் போட்டு, அவருடைய பெயரையும் எழுதிவிடுவார்கள். மாதா ஒருநாள் போவா. மற்ற நாள் எல்லாம் வேலி வேலிதான். இனி அதைக் கேட்கவும் முடியாது, மனிதர் மாதாவுக்கே திறந்துவிட்டாரே.

என் கணவருக்கு இவ்வளவும் ஓடியதோ தெரியாது. அவர் வள்ளத்தைத் தள்ளவில்லை. மரக்கோலைச் சேற்றில் ஊன்றிப் பிடித்தபடி மகனைப் பார்த்துக் கேட்டார்:

"நாளைக்கு நான் தனிய வந்தால் திறப்பியோ?"

"அண்ணை, அது வேறை கதை. பிறகு ஆறுதலாய்க் கதைப்பம்" என்றார் பண்ணைக்காரர்.

"நான் உங்களைக் கேக்கேல்லைத் தம்பி. இவனைக் கேக்கிறன்."

மகன் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றான். முதலாளியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏலாதப்பா. மாதாவுக்கு மட்டும்தான்" என்றான். 

"அப்பிடியெண்டால் மாதாவும் போகேல்லை."

சொன்னது நான். மைக் வாயடியில்தான் இருந்தது. கரைவரைக்கும் கேட்டது. சுவாமியார் என்னை வாய் பிளந்து பார்த்தார். என் கணவர் மரக்கோலை மாற்றி ஊன்றி, திறந்து கிடந்த வேலிக்கு முதுகைக் காட்டி வள்ளத்தைத் திருப்பினார்.

வந்த வழியே திரும்பினோம். கரையில் பாண்ட் வாத்தியக்காரருக்கு வாசிப்பதா விடுவதா என்று தெரியவில்லை, ஒருவர் ஊத மற்றவர் அவரைத் தடுத்தார். சுற்று முடியாமல் மாதா கோயிலுக்குள் போனா. எங்கள் ஊரில் அப்படி நடந்ததே இல்லை. அடுத்த வீட்டுக்காரி வள்ளத்தை விட்டு இறங்கும்போது, "மாதாவைத் திருப்பிக்கொண்டு வந்தவளோடை எனக்கென்ன கதை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனாள். அது சுட்டது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் எனக்குத் தூசி. மகன் அன்றிரவு காவலை விட்டு வீட்டுக்கு வரவில்லை.

விடிந்ததும் என் கணவர் வழமைபோல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மரக்கோலைத் தோளில் வைத்தார். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்திருந்தார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. வள்ளம் சிறுத்துச் சிறுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன். போன் அடித்தது. மகன்.

"அம்மா, அப்பா வந்து நிக்கிறார்."

"ஓம்."

"ஒண்டும் சொல்லுறாரில்லை. கம்பைப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிக்கிறார். நான் என்னம்மா செய்ய?"

சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த பிள்ளை கண்ணுக்குள் வந்தான். இன்னொரு தரம் அப்படிப் படுத்தால் எழுப்ப என்னால் முடியுமோ என்று பயமாக இருந்தது. இருந்தாலும் வாய் சொல்லிவிட்டது. "திறந்து விடு ராசா. வேலை போனால் போகட்டும்."   தண்ணீருக்குள் குதிக்கிற சத்தம் போனில் கேட்டது.

மத்தியானமே வேலை போய்விட்டது. பண்ணைக்காரர் அப்போதும் உரத்துக் கதைக்கவில்லையாம். "தம்பி, உன்னிலை எனக்குக் கோபமில்லை. ஆனால் இனி நீ வேண்டாம்" என்றாராம். மகன் வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு, என்னிடம் சோறு கேட்டுத் தின்றான். தகப்பன் பிடித்த நண்டுதான் கறி.  நான் அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோசத்தில் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

பொழுதுபடுவதற்குள் காவலுக்குப் புது ஆள் வந்துவிட்டான். அடுத்த வீட்டுக்காரியின் மகன். வேலை தேடி அலைகிற பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் என்ன குறை? பண்ணைக்காரரைச் சும்மா சொல்லக்கூடாது, காவலுக்கு வெளியூர் ஆளை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

மறுநாள் விடிய என் கணவர் மறுபடி புறப்பட்டார். நான் கரைக்குப் போனபோது, கொஞ்சம் தள்ளி அடுத்த வீட்டுப் புருசனும் தன் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய வள்ளத்திலும் எஞ்சின் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவுமில்லை, கதைக்கவுமில்லை. ஆனால் இரண்டு வள்ளமும் ஒரே திசையில் போயின.

அடுத்த வீட்டுக்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். பெருநாளுக்குப் பிறகு அவள் என்னருகில் வந்தது அப்போதுதான். "சொல்லச் சொல்லக் கேக்காமல் போகுது மனிசன்" என்றாள்.  வள்ளங்கள் வேலியடிக்குப் போய் நின்றன. கரையில் இருந்து பார்க்க, ஒன்றும் அசையவில்லை.

அவளுடைய கையில் இருந்த போன் அடித்தது. அவள் அதை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"போனை எடன்" என்றேன். "உன்ரை பெடியன் தண்ணிக்குள்ளை நிப்பான்."